இரண்டு கிலோமீட்டர் உல்லாசப் பயணம்: ஊரடங்கில் தம்பதிகள் சறுக்கிய இடங்கள்

2020 ஜூன் 19-ஆம் தேதி கொரோனாவால் சென்னைக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கும் மறுபடி முழு ஊரடங்கு வந்தது. காய்கறி, மளிகை வேண்டுமானால் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், வண்டியை எடுக்காமல் நடந்தே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அண்ணா நகர்க்காரர்களுக்கு மெரினா வெளியூர் ஆகிவிட்டது. பெரம்பூர்க்காரர்களுக்கு தி.நகர் வேறு மாநிலம். பிறகு கெடுபிடி தளர்ந்தது, பஸ் ஓடியது, ஆனால் தூரமாகப் போகிற தைரியம் நிறைய பேருக்கு உடனே வரவில்லை. அந்த மாதங்களில்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளை ஒதுக்கி, சொந்தப் பேட்டையையே சுற்றிப் பார்க்கிற பழக்கம் பல வீடுகளில் வந்தது. மகாபலிபுரம் போக முடியாதா, சரி, பக்கத்துத் தெருவையாவது பார்ப்போம்.

யோசனை நல்லதுதான். ஆனால் போனவர்களில் பலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். நண்பர்கள், அக்கம்பக்கத்தார், உறவுக்காரர்கள் என்று கேட்டவரையில் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இன்று யாருக்கு எதிலிருந்து லீவு என்பதைக் கிளம்புவதற்கு முன் அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அப்படி ஒரு காலம் திரும்ப வரவே வேண்டாம். ஆனால் ஊரடங்கு இல்லாமலேயே இரண்டு கிலோமீட்டருக்குள் முடங்கிக் கிடக்கிற தம்பதிகள் இன்றும் உண்டு. கைக்குழந்தை இருக்கும், படுக்கையில் ஒரு பெரியவர் இருப்பார், அல்லது மாசக் கடைசியாக இருக்கும். அவர்களுக்கும் இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எல்லா ஊரடங்கும் ஒன்றுதான் என்று நினைப்பது

பெயர் ஒன்றாக இருந்தாலும் விதி மாதத்துக்கு மாதம் மாறியது. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு வந்தது. ஏப்ரல் 26 முதல் 29 வரை நான்கு நாள் சென்னையில் மளிகைக் கடைகூடத் திறக்கவில்லை. அதற்கு முந்தின நாள் கடைகளில் முண்டியடித்த கூட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழு அடைப்பு. செப்டம்பர் 1 முதல் நகரப் பேருந்தும் கோயில்களும், 7-ஆம் தேதி முதல் மெட்ரோவும் வந்தன.

இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். பஸ் ஓடுகிறது, கோயில் திறந்திருக்கிறது, அப்போது பீச் மட்டும் மூடியா இருக்கும் என்று கிளம்பிப் போனால் காமராஜர் சாலை நெடுக பேரிகேடு. மெரினா மணலில் கால் வைக்க டிசம்பர் 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதமே பொங்கல் விடுமுறையில் கடற்கரைகளுக்கு மறுபடி தடை. காணும் பொங்கலுக்கு மெரினா காலியாக இருந்ததை நம்ம ஊர் இதற்கு முன் எப்போது பார்த்தது?

2021-இல் இன்னும் குழப்பம். ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு அடைப்பு. மே 10 முதல் முழு ஊரடங்கு. முதலில் மளிகைக் கடை பகல் 12 மணி வரை இருந்தது, மே 15 முதல் 10 மணி வரை, மே 24 முதல் கடையே இல்லை, மாநகராட்சி ஏற்பாட்டில் தள்ளுவண்டியிலும் மினி வேனிலும் வீட்டு வாசலுக்குக் காய்கறி வந்தது. ஜூன் மாதம் தளர்வு வந்தபோது பூங்காக்கள் காலை நடைப்பயிற்சிக்கு மட்டும், 6 முதல் 9 வரை. அப்புறம் கடற்கரையும் அதே மாதிரி, காலை 5 முதல் 9 வரை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் சுற்றும் நாள் என்று நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஊரடங்குக் காலத்தில் பலமுறை அதுதான் அடைத்து வைத்த நாளாக இருந்தது. வார நாளில் ஒரு லீவு போட்டுப் போனவர்களுக்குக் கூட்டமும் குறைவு, சிக்கலும் குறைவு. சனிக்கிழமை இன்னும் மோசம், மறுநாள் அடைப்பு என்பதால் கறிக்கடை, மீன் கடை வாசலில் ஊரே நிற்கும்.

இன்னொன்று, காலை 9 மணி வரை என்றால் 8:50-க்குப் போய்ச் சேரலாம் என்று பொருள் எடுத்துக்கொள்வது. காபி குடித்து, பேப்பர் பார்த்து, அயர்ன் செய்த சட்டையைத் தேடி, பூங்கா வாசலுக்குப் போய் நிற்கும்போது காவலாளி விசில் அடித்துக்கொண்டிருப்பார். அங்கேயே "நான் அப்பவே சொன்னேன்ல" தொடங்கிவிடும்.

முந்தின நாள் இரவு அரசின் செய்திக் குறிப்பை நேரடியாகப் படித்துவிட வேண்டும். சித்தப்பா அனுப்பிய வாட்ஸப் பார்வேர்டு எந்த மாதத்தது என்று யாருக்கும் தெரியாது.

போலீஸ் நிறுத்தும் விஷயத்துக்கும் இங்கேயே வந்துவிடுகிறேன். சென்னையில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். ஆதாரில் விலாசம் மதுரை என்று இருக்கும், திருநெல்வேலி என்று இருக்கும். "பக்கத்துத் தெருதான் சார்" என்று சொல்லிவிட்டு மதுரை ஆதாரை நீட்டினால் அவர் என்ன செய்வார்? கேஸ் பில், வாடகை ஒப்பந்தம், ஏதாவது ஒன்றின் போட்டோ போனில் இருந்தால் பேச்சு அங்கேயே முடியும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இது இன்னும் முக்கியம், இரண்டு பேர் ஆதாரிலும் இரண்டு ஊர் இருக்கும்.

அதைவிடப் பெரிய தவறு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வது. அவர் "மருந்து வாங்க சார்" என்பார், இவர் "வாக்கிங் சார்" என்பார். நடக்க அனுமதி இருக்கிற நேரத்தில் "வாக்கிங்" என்ற உண்மையே போதும், பொய்க்கு அவசியமே இல்லை. அனுமதி இல்லாத நேரத்தில் பொய் காப்பாற்றாது. திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடுங்கள். வெயிலில் முழுக்கை சட்டையோடு, மாஸ்க்கோடு, காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறவரிடம் சட்டம் பேசி ஜெயித்து என்ன ஆகப்போகிறது? மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று 2020 செப்டம்பரில் அபராதமும் வந்துவிட்டது.

சமைத்து வைத்துவிட்டுக் கிளம்புவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இதுதான்.

ஊரடங்கில் வேலைக்கார அம்மா வரவில்லை. எல்லோரும் மூன்று வேளையும் வீட்டில். குழந்தைக்கு ஆன்லைன் கிளாஸ், பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். மாமனார் மாமியாருக்கு நேரத்துக்கு டிபன். மனைவியும் வேலை பார்க்கிறவர் என்றால் லேப்டாப் ஒரு பக்கம், குக்கர் ஒரு பக்கம். இந்த நிலையில் "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் ஜாலியா சுத்திட்டு வரலாம்மா" என்று கணவர் சொல்கிறார். சொன்னவர் ஐந்தரைக்கு எழுந்து பல் தேய்த்து ஷூ மாட்டினால் ரெடி. கேட்டவர் நான்கு மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, மதியத்துக்கு சாம்பார் வைத்து, காயை நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்து, பாலைக் காய்ச்சி, "அத்தை, இட்லி ஹாட் பாக்ஸ்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வரும்போது பாதி உயிர் போயிருக்கும். அப்புறம் அவர் மெதுவாக நடக்கிறார் என்று இவருக்குக் குறை.

அந்தக் காலை நடையில் ஒருவருக்கு மட்டும்தான் லீவு கிடைத்தது. இன்னொருவருக்கு ஒரு ஷிப்ட் கூடுதல்.

வெளியூர் போனால் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும். ஊட்டியில் ஓட்டல்காரர் சமைப்பார், அறையை யாரோ பெருக்குவார்கள். சொந்தப் பேட்டையில் சுற்றும்போது வீடு கூடவே வருகிறது. அதனால் திட்டம் போட வேண்டிய முதல் விஷயம் சாப்பாடு. போகிற இடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு அடுப்படி யார் பொறுப்பு? கணவருடையது என்றால், அது முந்தின நாள் மாலையிலிருந்தே அவருடையது. "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்பது உதவி கிடையாது, மேற்பார்வை வேலையை மனைவி தலையிலேயே திருப்பிப் போடுவது.

பெரிய சமையலும் தேவையில்லை. கடையில் ஒரு பாக்கெட் இட்லி மாவு, வீட்டில் இருக்கிற இட்லிப் பொடி. முந்தின நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிட்டால் காலையில் சாதத்தில் கிளறுவதோடு சரி. தயிர் சாதம் என்றால் பாலைத் தாராளமாக விட்டு, தயிரை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சென்னை வெயிலுக்கு மதியமே புளித்துவிடும். பெரியவர்களுக்கும் இதே சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. கேட்காமல் விட்டால்தான் சொல்வார்கள்.

ஓட்டல் சாப்பாடு என்றால் நேரம் பார்க்க வேண்டும். 2021 மே ஊரடங்கில் ஓட்டல்களில் பார்சல் மட்டும்தான், அதுவும் காலை 6 முதல் 10, மதியம் 12 முதல் 3, மாலை 6 முதல் 9. டீக்கடை மே 15-க்கு மேல் அதுவும் கிடையாது. பத்தரை மணிக்குப் பொங்கல் வாங்கலாம் என்று நம்பிப் போனவர்கள் பட்டினி.

குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போகிறவர்கள், திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு அந்த நேரத்துக்கு வந்துவிடுங்கள். ஒருமுறை ஒரு மணி நேரம் தாமதமானால் அடுத்த தடவை கேட்பதற்கு வாய் வராது.

"போற வழியில அப்படியே..."

அப்படியே அரை கிலோ தக்காளி, அப்படியே அப்பாவுக்கு பிபி மாத்திரை, அப்படியே ஆவின் பூத்தில் இரண்டு பாக்கெட், அப்படியே ரேஷன் கடையில் கூட்டம் இருக்கிறதா என்று ஒரு எட்டு. இதற்குப் பெயர் கடைக்குப் போவது. பையைத் தூக்கிய கையோடு யாரும் எதையும் வேடிக்கை பார்ப்பதில்லை. அன்றைக்குப் பை வீட்டிலேயே இருக்கட்டும். மருந்து மட்டும் விதிவிலக்கு.

நடுப்பகலில் நடப்பது

ஒரு நாள் பயணம் என்றதும் காலை எட்டுக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்புவது என்று கணக்குப் போடுகிறோம். பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போனால் அது சரி. பேட்டைக்குள் நடப்பதற்கு அது தற்கொலை. சென்னையில் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை காலை ஒன்பதுக்கு மேல் தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடும். கத்திரி வெயில் நாட்களில் கடல்காற்று ஏறுவதற்குப் பகல் தாண்டிவிடும், அம்பத்தூர், போரூர் பக்கம் இன்னும் தாமதமாகும். காற்றில் ஈரப்பதம் வேறு. மாஸ்க்கோடு அதில் நடந்தால் அரை மணியில் இரண்டு பேருக்கும் கோபம் வரும், எதற்கென்று தெரியாமலேயே.

வீடு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தப் பயணத்தின் ஒரே பெரிய வசதி, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அந்த நாளை இரண்டாக வெட்டிவிடுங்கள். காலை ஐந்தரை முதல் எட்டரை வரை ஒரு சுற்று. வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ஃபேனுக்கு அடியில் நன்றாகத் தூங்குங்கள். மாலை நாலரைக்கு மேல் இன்னொரு சுற்று. மே, ஜூனில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும், நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். காலைச் சுற்றின் வழியை ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும், மாலைச் சுற்றை இன்னொருவர். மற்றவர் வாயைத் திறக்காமல் பின்னால் வர வேண்டும். இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மதியத் தூக்கம்தான் இந்த ஏற்பாட்டில் பலருக்கும் பிடித்துப்போனது. தூங்குகிற நேரத்தில் ஆபீஸ் போனை சைலண்டில் போடாதவர்களுக்கு அதுவும் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் லீவு எழுதிக் கொடுக்காமல் "சும்மா ஆன்லைன்ல இருக்கேன்" என்று சுற்றக் கிளம்பினால், பாதி வழியில் மீட்டிங் வரும். ஒருவர் சுவர் ஓரமாக நின்று பேசுவார், இன்னொருவர் அந்தத் தெரு நாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரண்டாக வெட்டுவதில் இன்னொரு நன்மை, இதை ஆண்கள் யோசிப்பதே இல்லை: கழிப்பறை. ஊரடங்கில் ஓட்டலுக்குள் நுழைய முடியாது, மால் மூடியிருக்கும், தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டவும் தயக்கம். பூங்காவுக்குள் இருக்கும் கழிப்பறையில் பூட்டு தொங்கும். அதனால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே நடப்பார்கள். வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விலகாதபடி வழியைப் போடுங்கள். பெட்ரோல் பங்குகள் திறந்துதான் இருந்தன, அங்கே கழிப்பறை இருக்கும், கேட்டால் சாவி கொடுப்பார்கள். வழியில் எந்த பங்க் இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே கணவர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

"எங்க ஏரியாவுல என்ன இருக்கு?"

மயிலாப்பூர்க்காரர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். கபாலீஸ்வரர் கோயில் குளத்தில் தொடங்கி, சித்திரக்குளம் வழியாக லஸ் போய், 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் காட்டுக் கோயில் என்கிற லஸ் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, நாகேஸ்வர ராவ் பூங்காவில் முடித்தால் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். புனித ஜார்ஜ் கோட்டை கட்ட இடம் கிடைத்தது 1639-இல். அதாவது கோட்டையைவிட நூறு வருடத்துக்கு மேல் மூத்த ஒரு தேவாலயம் நாம் பூ வாங்கப் போகிற வழியில் நிற்கிறது. திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு இருக்கிறது. 2021 செப்டம்பரில் அவர் மறைந்து நூறு ஆண்டு நிறைந்தபோது நாம் எல்லோரும் மாஸ்க்குக்குள் இருந்தோம்.

மற்ற ஏரியாக்காரர்கள்தான் உதட்டைப் பிதுக்குவார்கள். ராயபுரத்தில் இருப்பவர்களுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, 1856-இல் திறந்தது. அண்ணா நகர் டவர் 1968 வர்த்தகப் பொருட்காட்சிக்காக எழுப்பியது. ஊரடங்குக் காலத்தில் அதன் மேலே ஏற அனுமதி இல்லை, 2023-இல்தான் மறுபடி திறந்தார்கள், ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்க்க யார் தடுத்தார்கள்? பெசன்ட் நகர் மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930-இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவுச்சின்னம். அதன் முன்னால் போட்டோ எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், கல்வெட்டைப் படித்தவர்கள்? நங்கநல்லூரில் 32 அடி ஆஞ்சநேயர். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது. பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்கள் குளிர்காலத்தில் ரேடியல் ரோட்டு ஓரத்தில் நின்றாலே பறவைகளைப் பார்க்கலாம், அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது.

இது எதுவுமே உங்கள் ஏரியாவில் இல்லை என்றாலும் பரவாயில்லை. ஏதாவது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். திண்ணை வைத்த பழைய வீடுகள் எத்தனை மிச்சம் இருக்கின்றன? மழைத்தண்ணீர் எந்தத் தெரு வழியாக எந்தக் கால்வாய்க்குப் போகிறது? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்த குடும்பம் அடுத்த நவம்பரில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதையும் தெரிந்து வைத்திருக்கும். காலை ஆறு மணிக்குக் கோலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். புள்ளிக் கோலமா சிக்குக் கோலமா என்று தெருத் தெருவாக வாதம் செய்துகொண்டே போவார்கள்.

இதில் நேர்கிற தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாப் பலகாரத்தையும் இலையில் வாங்கிக்கொண்டு எதையும் முழுசாகச் சாப்பிடாமல் எழுந்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒரு சுற்றுக்கு இரண்டு இடம் போதும். ஒன்று மூடியிருந்தால் இன்னொன்று.

மூடியிருக்கும் என்று எதிர்பார்த்தே போவதும் நல்லது. ஊரடங்கில் உள்ளே நுழைய வேண்டிய எந்த இடத்தையும் நம்பித் திட்டம் போடக் கூடாது. மதில், கோபுரம், மரம், பாலம், தெரு, குளம் ஆகியவற்றுக்குப் பூட்டு கிடையாது.

காய்கறியைக் கழுவிவிட்டு காற்றை மறப்பது

தொடக்கத்தில் எல்லோரும் கொத்தமல்லியை சோப்புத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தோம். பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டினோம். கொரோனா முக்கியமாகப் பரவுவது மூச்சுக்காற்று வழியாக, அதுவும் காற்றோட்டமில்லாத மூடிய இடத்தில்தான் ஆபத்து அதிகம் என்பது போகப் போகத் தெளிவானது. திறந்தவெளியில் நடப்பது அந்த வகையில் பாதுகாப்பானது. நடந்து முடித்துவிட்டு "களைப்பா இருக்கு" என்று ஏசி பேக்கரிக்குள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர்கள், காலை முழுக்கக் காப்பாற்றியதை அங்கே கோட்டை விட்டார்கள்.

துணி மாஸ்க் வியர்வையில் நனைந்தால் மூச்சு முட்டும், முட்டினால் தாடைக்கு இறங்கும். உலர்ந்த மாஸ்க் ஆளுக்கு ஒன்று கூடுதலாக எடுத்துப் போனால் இது தீர்ந்தது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கணக்கு வேறு. 60 வயது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியதே 2021 மார்ச்சில்தான். அதுவரைக்கும் வெளியே போய் வருகிறவர்கள்தான் அவர்களுக்கு ஆபத்து. வீட்டில் யாருக்காவது லேசாகத் தொண்டை கரகரத்தால்கூட அன்றைக்குப் பயணம் ரத்து, விவாதமே வேண்டாம். ஆசையாகத் திட்டம் போட்டோமே என்று யோசிப்பவர்கள், அடுத்த வாரமும் அதே தெரு அங்கேயேதான் இருக்கும் என்பதை யோசிக்கலாம்.

தகரம் அடித்த தெரு

அந்தக் காலத்தில் தொற்று உள்ள வீட்டுக் கதவில் மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டும், தெரு முனையில் தகரம் அடிப்பார்கள். அதை எட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, "எங்க ஏரியாவுல இதோ பாருங்க" என்று ஸ்டேட்டஸ் வைத்தவர்கள் இருந்தார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களின் தவறுகளில் மன்னிக்கவே முடியாதது இது. உள்ளே இருப்பவர் உங்கள் பால்காரராக இருக்கலாம், குழந்தையின் டீச்சராக இருக்கலாம். வழியை மாற்றிக்கொண்டு போய்விட வேண்டும்.

பொதுவாகவே ஸ்டேட்டஸ் வைப்பதில் கொஞ்சம் நிதானம் இருந்தால் நல்லது. யாருக்கு அந்த வாரம் ஆக்சிஜன் படுக்கை கிடைக்கவில்லை, யார் வீட்டில் சாவு என்று நமக்குத் தெரியாது. 2021 மே மாதம் சென்னையில் அப்படித்தான் இருந்தது. போட்டோ போனிலேயே இருக்கட்டும். மச்சினர் குடும்பம் பார்த்துவிட்டு "எங்கள கூப்பிடவே இல்லையே" என்று கேட்பதும் மிச்சம். கூப்பிட்டால் அது இரண்டு பேர் பயணமாகவும் இருக்காது.

மழைக்காலத்தில் இதே ஆர்வம் வேறு பக்கம் போகும். 2020 நவம்பரில் நிவர் புயல் நேரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள் என்றதும் அடையாற்றில் தண்ணீர் பார்க்கக் கிளம்பியவர்கள் உண்டு. பாலத்தில் நின்று வெள்ளம் பார்ப்பது உல்லாசப் பயணத்தில் சேர்த்தி இல்லை. வீட்டிலேயே இருங்கள்.

வெளியே போகவே கூடாத நாளில்

முழு ஊரடங்கு என்றால் முழு ஊரடங்குதான். "சும்மா தெரு முனை வரைக்கும்" என்று ஆரம்பிப்பதும் தவறுதான். 2021 மே மாதம் வெளியே போக இ-பதிவு, அதாவது அரசு இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு, வேண்டும், அதுவும் மருத்துவம், இறப்பு, முதியோரைப் பார்த்துக்கொள்வது போன்ற காரணங்களுக்கு. உல்லாசத்துக்கு அதில் கட்டம் கிடையாது.

அந்த நாட்களில் சென்னைக்குக் கைகொடுத்தது மொட்டை மாடி. அங்கேயும் தவறுகள் உண்டு. பகலில் ஏறினால் கால் பொரிந்துவிடும், மாலை ஐந்தரைக்கு மேல்தான் தரை சூடு கொஞ்சம் இறங்கும், ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் இன்னும் நல்லது. தண்ணீர் லாரியை நம்பி இருக்கிற குடியிருப்பு என்றால் அந்த ஒரு வாளிக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். வடகம் காயப் போட்டிருக்கிறவர் யார் என்று பார்த்து, துணியை மிதிக்காமல் போக வேண்டும். நான்கு குடும்பமும் ஒரே நேரத்தில் அதே யோசனையோடு மேலே வந்தால் அது மாடி இல்லை, மாம்பலம் ரயில் நிலையம். எந்த நாள் யார் என்று முன்கூட்டியே குடியிருப்பு வாட்ஸப் குழுவில் பேசிக்கொண்டவர்களுக்குச் சண்டை வரவில்லை.

நாற்காலியை இழுக்காமல் தூக்கிப் போடுங்கள், கீழ் வீட்டில் நைட் ஷிப்ட் ஆள் தூங்கிக்கொண்டிருக்கலாம். போனில் பாட்டு வைப்பதென்றால் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. மாடிச் சாவி ஹவுஸ் ஓனரிடம் இருக்கும், அதை மாலை ஐந்தரைக்குப் போய்க் கேட்டால் அவர் பூஜையில் இருப்பார் அல்லது சீரியலில் இருப்பார். முந்தின நாளே "ஆன்ட்டி, நாளைக்கு சாயங்காலம் கொஞ்ச நேரம் மாடிக்குப் போகட்டுமா?" என்று கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள். ஒன்பது மணிக்குள் திருப்பித் தரச் சொல்வார், தந்துவிடுங்கள்.